பெயரை மட்டும் சொல்லவில்லை

நேற்று சேலத்தில் டாக்டர்கள் மாநாட்டில் கைதட்டல் வாங்கினேன் நண்பர்களே!

இன்று யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை.

முழுதாகச் சொல்லிவிடுகிறேன். திட்டுவதென்றால் கடைசியில் திட்டுங்கள்.

நான் நாமக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் வைத்தியம் பார்க்கிறவன். நம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகளை மூடியதும், சிலர் மருந்துக்கடையில் இஞ்சி டிஞ்சர் வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார்கள். (பெயர்தான் மருந்து, உள்ளே இருப்பது சாராயம். போலீசுக்கும் தெரியாது, பெண்டாட்டிக்கும் தெரியாது.)

இவர்களை எப்படி நிறுத்த வைப்பது, நிறுத்தியவர் மறுபடி தொடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் மாநாட்டில் நான் வாசித்த கட்டுரை.

என் வழி ரொம்பச் சாதாரணம். குடித்துப் பழகியவருக்கு விளக்கு வைக்கும் நேரம்தான் கண்டம். அந்த நேரத்துக்கு வைத்தியசாலையின் பின்பக்க அறைக்கு வரச் சொல்வேன். அந்தப் பொழுது தாண்டும்வரை உட்கார்ந்து ஆடுபுலி ஆடுவோம். உபதேசம் கிடையாது. (பெரும்பாலும் நான்தான் தோற்பேன்.)

இந்த வழிக்கு நல்ல சாட்சி ஒரு பண்ணையக்காரர். யாரும் இழுத்து வரவில்லை, தானாக வந்தார்.

"ஊட்ல கூடத் தெரியாதுங்க. உங்களை நம்பித்தான் சொல்றேன்" என்றார்.

அதற்குப் பிறகு இன்றுவரை அவர் புட்டியைத் தொடவில்லை.

மாநாட்டில் எனக்குக் கிடைத்தது சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். (என் மேல் அவ்வளவு மரியாதை!) பாதிப்பேர் தூக்கம். தலைமை வகித்தவரே கண்ணை மூடிக்கொண்டுதான் தலைமை வகித்தார்.

எனக்குப் புத்தி கெட்டது அப்போதுதான்.

தூங்குகிறவர்களை எழுப்ப, பண்ணையக்காரர் கதையை எடுத்துவிட்டேன். பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. ஏதோ கூலிக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள், எங்கள் வட்டாரத்தில் முதன்முதலாகக் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைத்த மனிதரே இவர்தான் என்றேன். சோளத்தட்டுப் போருக்குள் புட்டியை ஒளித்து வைத்ததையும், எருமைக்குத் தட்டு பிடுங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மணிக்கணக்கில் பிடுங்கிக்கொண்டே இருந்ததையும் நடித்தே காட்டினேன்.

(அடையாளத்தை இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். காலம் கடந்து வந்த புத்தி.)

சபை குலுங்கிச் சிரித்தது. தலைவர் கண்ணைத் திறந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

காபி கொடுக்கும்போது திருச்செங்கோட்டுப் பக்கத்து டாக்டர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"ஏனுங்க, அந்த எஞ்சின்காரரு ஊட்ல கல்யாணத்துக்குப் புள்ளை ஒண்ணு இருக்குதுங்களா?"

அவருடைய அக்கா மகனுக்கு அந்த வீட்டில்தான் பெண் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அடுத்த வாரம் வெற்றிலை பாக்கு மாற்றுவதாக ஏற்பாடாம்.

அவர் வேறு ஆள் என்று சமாளித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் எஞ்சின் இருப்பதே ஒன்றுதானே என்றார்.

நம் பக்கத்தில் பெயர் எதற்கு? கிணறு எது, காடு எந்தத் திசை, மாமன் ஊர் எது என்று சொன்னால் போதும், ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்திவிடுவார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? கோட்டு மாட்டியதும் மறந்துவிட்டது.

கெஞ்சினேன். பண்ணையக்காரர் குடியை விட்டுவிட்டார், விட்டவரை மரியாதையாக நடத்தினால்தான் திரும்பப் போகமாட்டார், என் கட்டுரையே அதைத்தானே சொல்கிறது என்றேன்.

"கட்டுரை நல்ல கட்டுரைங்க. நானே கைதட்டுனனுங்க. சம்பந்தம் வேறங்களே."

அத்தோடு விட்டாரா? என் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார். நல்ல சமயத்தில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினேனாம்!

என்னை அறைந்திருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

மற்றவர் வாயால் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று இன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் பண்ணையக்காரர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்தான் மோர் கொண்டுவந்து கொடுத்தது.

"சேலத்துக் கூட்டம் நல்லா நடந்துச்சுங்களா? அப்பா நேத்து பூரா உங்க பேச்சுத்தானுங்க."

நல்லா நடந்துச்சு அம்மிணி என்றேன். மோரைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அவர் கிணற்றடியில் இருந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சிரிச்சாங்களாங்க?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாவது பேசுகிறேன் என்றேன். வேண்டாம், நீங்கள் பேசப் பேச இன்னும் நாலு பேருக்குத்தான் தெரியும் என்றார். மகளுக்குத் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"குடிச்சப்ப ஒருத்தருக்கும் தெரியலீங்க. உட்ட பொறவுதான் ஊருக்கே தெரிஞ்சிருக்குது."

திரும்பி வரும் வழியெல்லாம் அதே வாக்கியம்தான் காதில்.

கட்டுரையை அச்சுப் போடக் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கப் போவதில்லை. சிரிப்பு வந்த பக்கத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கொடுக்கலாமே என்கிறார் ஒரு நண்பர். (அவரும் நேற்று சிரித்தவர்தான்.)

இதைப் படிக்கிறவர்களில் யாராவது குடியை விட நினைத்து, என் மாதிரி ஒருவனிடம் வந்து மனதைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கக்கூடும்.

வாருங்கள் என்று சொல்ல இன்று எனக்கு வாய் வரவில்லை.