பச்சையம்மாள் கடலில் இறங்கிய கதை

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தை ஒட்டிய ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற பச்சையம்மாளுக்கு மகளைப் பற்றிப் பெருமை ஜாஸ்தி. உடற்கல்வி படித்த கவிநிலா, ராமேஸ்வரம் பக்கம் ஏதோ ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "எம் பொண்ணு டீச்சருங்க" என்று பச்சையம்மாள் சொல்லிவிடுவாள்.

ஒருநாள் சவாரியாக ஏறிய பெங்களூர்ப் பெண் இறங்கும்போது, லீவுக்குப் போய்வந்த இடத்தைப் போனில் காட்டினாள். வீடியோவில் பச்சை நிறக் கடல். வானத்தில் ஆரஞ்சு நிறத்தில், பந்தல் துணி அளவுக்கு ஒரு காத்தாடி. அதன் கயிறுகளை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலில் பலகையோடு ஒரு பெண் தண்ணீர்மேல் சறுக்கி வந்தாள், ஆளுயரத்துக்கு எகிறினாள், கீழே வந்து சிரித்தாள்.

"இவங்கதான் எனக்குக் கத்துக்குடுத்தாங்க" என்றாள் அந்தப் பெண்.

சிரித்தது கவிநிலா.

பச்சையம்மாள் மகளுக்கு உடனே போன் போட்டாள். "இன்னா ஸ்கூல்டி அது?"

"காத்தாடி ஸ்கூல்மா. ஸ்கூல்னு சொன்னதும் நீ ஊரெல்லாம் சொல்லப் போயிட்ட. மீதிய எங்க கேட்ட?"

அடி அண்ணாமலையில் வீட்டுக்காரர் வேணு மல்லாட்டைக் காட்டில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ ஆட்டோ லைசென்ஸ் எடுக்கப் போனப்பகூட எல்லாரும் இப்டிதான் குதிச்சாங்க" என்றதோடு சரி, திரும்பக் குனிந்துகொண்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பௌர்ணமிக் கூட்டம் வடிந்த மறுநாளே, மகளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று புறப்பட்டாள்.

அவள் பார்த்திருந்த கடல் புதுச்சேரிக் கடல்தான். அலை வந்து அடிக்கும். புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். ராமேஸ்வரம் பக்கம் வந்து இறங்கினால், இங்கே அலையே இல்லை. தூரத்தில் கவிநிலா ஒரு பெரிய உடம்புக்காரருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, திட்டிக்கொண்டே நடந்தாள். நடக்க நடக்க முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. குளிக்க விளாவி வைத்த மாதிரி வெதுவெதுப்பு வேறு. பாதி தூரத்தில் திட்டுவதை மறந்துபோனாள்.

அந்த உடம்புக்காரர் எழுவதும் விழுவதுமாக இருந்தார். கவிநிலா பொறுமையாகக் காத்தாடியைத் தூக்கிவிட்டாள். "பயப்படாதீங்க சார், நான் பிடிச்சிருக்கேன்" என்றாள். வீட்டில் ஒரு தடவைக்கு மேல் எதையும் சொல்லாத பெண். பச்சையம்மாள் அப்படியே நின்று பார்த்தாள்.

கடைசியில் வாய் வேறு மாதிரி பேசியது. "அந்தாளு ஹேண்டில்பார் பிடிக்கிறதே சரியில்ல. இப்டி குடு, நான் பாக்கறேன்."

கவிநிலா உடனே கொடுத்துவிடவில்லை. முதலில் மணலில் சின்னக் காத்தாடி. மகளின் சுடிதாரும் லைஃப் ஜாக்கெட்டுமாக, வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம், இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் என்று பச்சையம்மாள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "இவ்ளோதானா?" என்றாள். மறுநாள் தண்ணீருக்குள் பெரிய காத்தாடி.

திடீரென்று காற்று ஓங்கி அடித்தது. பயந்துபோனவள், பிரேக் பிடிக்கிற நினைப்பில் காத்தாடிக் கயிறுகள் கட்டிய கைக்கம்பியைத் தன்பக்கமாக இறுக்கி இழுத்தாள். இழுத்தால் வேகம்தான் கூடும். காத்தாடி அவளைத் தண்ணீர்மேல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது.

"வுட்டுடும்மா! கைய வுடு!"

விடவில்லை. இன்னும் இறுக்கினாள். வாயெல்லாம் உப்பு. "ஐயோ அண்ணாமலையாரே" என்று கும்பிடத்தான் கையை எடுத்தாள். அந்த நொடியே காத்தாடி தொய்ந்து தண்ணீரில் படுத்துக்கொண்டது.

செத்தோம் என்று நினைத்தவள் காலை ஊன்றிப் பார்த்தாள். தண்ணீர் இடுப்பளவுதான். கவிநிலா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சொன்னா கேக்க மாட்டியா? வுடுன்னா வுடணும்!"

"சரிங்க டீச்சர்" என்றாள் பச்சையம்மாள். சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

கூட்டிப் போகிற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் காற்றுக் காலத்தில் மறுபடி போனாள். பலகைமேல் ஏறுவதும் குப்புற விழுவதுமாகவே லீவு தீர்ந்தது. அதற்கடுத்த வருஷம்தான் ஒரு காலை நேரம் காற்று அவளை நிமிர்த்தி நிறுத்தியது. ஆசிரம வாசலிலிருந்து டீக்கடை வரைக்கும் இருக்கிற தூரம் போயிருப்பாள். காதில் காற்றின் இரைச்சல், கீழே பலகை தண்ணீரைக் கிழிக்கிற சத்தம். திரும்பத் தெரியாததால் ஒரு மணல்திட்டில் முட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே கையைத் தூக்கி ஆட்டினாள்.

இந்த வருஷம் வேணுவும் கூடப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றவர், "இங்கயே போதும், நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு, பொஞ்சாதியின் செருப்பைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து, வானத்தில் அவள் காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.