ராத்தா சொல்லாமல் இருந்த நாற்பது நிமிடங்கள்

கொரோனாக் காலத்தில், நாலாவது வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டதும், தில்லையடியில் எங்கள் ஒழுங்கையின் இரண்டு முனைகளிலும் கயிறு கட்டினார்கள். பதினான்கு நாட்களுக்கு யாரும் வெளியே போகக் கூடாது. வீட்டுக்குள் மூன்று பேர்: உம்மா, நான், நிறைமாதமாக இருந்த என் அக்கா. ராத்தா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். வாப்பா வேலைக்குப் போன கொழும்பிலேயே மாட்டிக்கொண்டார். ராத்தாவின் மாப்பிள்ளை கட்டாரில்.

நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், புவியியல். வரைபடம் கீறும் மென்பொருள் என் பழைய லெப்டொப்பில் ஏறாது. அதற்காக, மூடிக்கிடந்த ஆய்வுகூடத்துக் கணினிகளை இன்டர்நெட் வழியாக வீட்டிலிருந்தே பாவிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். வேர்ச்சுவல் டெஸ்க்டொப் என்றார்கள். கடவுச்சொல்லைக் கொடுத்தால் என் திரைக்குள் அந்தக் கணினியின் திரை விரியும். நான் இங்கே ஒரு கோடு இழுத்தால், அரை நிமிடம் யோசித்துவிட்டு அங்கே இழுபடும்.

வீட்டில் ஒழுங்காக வேலை செய்த போன் ஒன்றுதான். அதை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தால் லெப்டொப்புக்கு இன்டர்நெட் கிடைக்கும். அதில் அழைப்பு எடுத்தால் இன்டர்நெட் அறுந்துவிடும்.

செய்முறைப் பரீட்சை காலை ஒன்பதுக்குத் தொடங்கியது. மூன்று மணித்தியாலம். இடையில் தொடர்பு அறுந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. தகரக் கூரையின் சூட்டில் வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. எழும்பித் தண்ணீர் குடிக்கவும் பயம். பதினொரு மணிபோல், சாமான் வந்திருக்கிறது என்று உம்மா கயிற்றடியில் வரிசையில் நிற்கப் போனார். ராத்தா என் பின்னால் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

ஒரு முனகல் கேட்டுத் திரும்பினேன். தலையணை உறையைக் கடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"ராத்தா! வலியா?"

"இன்னும் எவ்வளவு நேரம் இரிக்கி உனக்கு?"

"எப்ப தொடங்கின?"

"நாப்பது நிமிசம் இரிக்கும். நீ முடி புள்ள. எனக்குப் பொறுக்க ஏலும்."

"ஏன் சொல்லல்ல?"

"போனை எடுத்தா உன்ட சோதனை போயிருமே."

திரையின் மூலையில் பதினைந்து நிமிடம் மீதி இருந்தது. வரைபடத்தை அனுப்புவது மட்டும்தான் பாக்கி, அதற்கே பத்து நிமிடம் பிடிக்கும். நான் அந்த எண்ணைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ராத்தா மறுபடி முனகியபோதுதான் போனைப் பிடுங்கினேன்.

அம்புலன்ஸ்காரரிடம் வழி சொல்லும்போதே திரை வெளிறி உறைந்தது. வாசலில் நின்று உம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அம்புலன்ஸ் கயிற்றடியில் வந்து நின்றது. பாதுகாப்பு உடை போட்ட இருவர் ராத்தாவைத் தூக்கிப் போனார்கள். துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். உம்மா ஏறினார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள் அந்த வீட்டில் நான் தனியாக. பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் சோறு தருவாள். ஒழுங்கை முனைவரை நடப்பேன், கயிற்றைத் தொடாமல் திரும்புவேன். அன்று மாலையே பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. போனில் அதன் அழுகையைக் கேட்டேன், பார்க்க முடியவில்லை. விரிவுரையாளருக்கு நடந்ததை எழுதினேன். அனுதாபமாகத்தான் பதில் போட்டிருந்தார். அடுத்த வருட அணியோடு எழுதலாம் என்று.

கயிறு அவிழ்த்த பிறகுதான் அவர்களைக் கூட்டி வந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தபோது ராத்தாவிடம் சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு நான் கொஞ்ச நேரம் யோசிச்சன் ராத்தா. உடனே போனை எடுக்கல்ல."

"நான் கண்டன்," என்றாள். பிறகு குழந்தையின் போர்வையைச் சரிசெய்தபடி, "எனக்கு அந்த நேரம் உன்னில கோவம் வந்திச்சி. இப்ப இல்ல," என்றாள்.

ஒரு வருடம் பிந்திப் பட்டம் பெற்றேன். மறுமுறை பரீட்சையை ஆய்வுகூடத்துக்கே போய் எழுதினேன். கோடு இழுத்த உடனே வந்தது. அது வரும்வரை காத்திருந்து பழகிய என் கைதான் ஒவ்வொரு தடவையும் நின்று நின்று போனது.