கோட்டைக்குள் எதிரெதிரே

கொரோனா ஓய்ந்து, ஆஸ்பத்திரி வாசல்களில் பார்வையாளர்கள் மறுபடி கூடத் தொடங்கியிருந்த வருடம். மாசி மாத முற்பகல். பிள்ளையார்குப்பத்தில் என் அக்காவின் கணவருக்கு வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன். திறந்து பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றிருந்தார் டாக்டர். அக்கா மகள் தியேட்டர் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "உன் மூஞ்சப் பாத்தா எனக்கும் பயமா இருக்குதும்மா, மாமா கூட எங்கனா போய்ட்டு வா" என்று தாயை என்னோடு கிளப்பிவிட்டாள்.

எங்கேயாவது என்றால் அக்காவுக்கு ஒரே இடம்தான். குருவிநத்தம் ஆற்றங்கரையில், அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஏழு சுற்றுக் கோட்டை. கோட்டை என்றதும் மதிலைத் தேடாதீர்கள். தரையில் கல் வரிசை பதித்த ஒற்றைப் பாதை, அவ்வளவே. கிளை கிடையாது, வழி தவற முடியாது. நடுவுக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது வெளியே இழுத்துக்கொண்டு போகும். அலுத்துப்போகும்போது உள்ளே திருப்பும். வேண்டுதல் உள்ளவர்கள் தலை குனிந்து நடந்து, நடுக்கல்லைத் தொட்டு, வந்த வழியே திரும்புவார்கள். கல்லைத் தாண்டக் கூடாது. பேசக் கூடாது. உள்ளே இருப்பவரைக் கூப்பிடவும் கூடாது.

"கல்ல சுத்தி வந்தா கட்டி கரைஞ்சிடுமா?" என்று வண்டியிலேயே சீண்டினேன்.

"உன்ன யாருடா நடக்கச் சொன்னது? என் செருப்ப நாய் தூக்கினு போவாம பாத்துக்கோ, போதும்."

கோட்டைக்குள் இறங்கினாள். காற்றில் ஆற்று மணலும் கரும்புச் சோகை எரித்த வாசனையும் இருந்தன. நான் நிலைகொள்ளாமல் நின்றேன். அப்போது போன் வந்தது. "முடிஞ்சிது மாமா! கட்டிய முழுசா எடுத்துட்டாங்க. அப்பா கண்ணு முழிச்சி, உங்கம்மா சாப்ட்டாளான்னு கேக்குறாரு!"

"அக்..." என்று வாயெடுத்தேன். வேப்பமரத்தடியில் தன் முறைக்குக் காத்திருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்தாள். "யோவ், இன்னா பண்ற? உள்ள இருக்கறவங்கள கூப்புடாத. வேண்டுதல் கலைஞ்சிடும்."

"நல்ல சேதிதாம்மா!"

"நல்லதா இருந்தா கெட்டா போயிடும்? வரட்டும்."

என்னால் காத்திருக்க முடியவில்லை. கூப்பிடத்தானே கூடாது, எதிரே போய் நிற்கலாமே! செருப்பைக் கழற்றிவிட்டு நானும் நுழைந்தேன்.

நான் நுழையும்போது அக்கா ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரித்தேன். அதற்குள் அவள் குனிந்துவிட்டாள். பிறகு நிமிரவே இல்லை. அடுத்த சுற்றில் எனக்குப் பக்கத்திலேயே, ஒரு கல் வரிசைக்கு அப்பால் போனாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம். பாதை எங்களைப் பிரித்தது, சேர்த்தது, மறுபடி பிரித்தது. அவள் நடை தளர்ந்துகொண்டே போனது. வெயில் என்று நினைத்தேன். நடுக்கல்லில் கை வைத்து அவள் நின்ற நேரம் மிக நீளம்.

திரும்பி வந்தவள் என் எதிரே வந்து நின்றாள். பேசக் கூடாத இடத்தில் அவளே பேசினாள்.

"எப்படா போச்சு உயிரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாழ்நாளில் ஒரு கோயில் பிரகாரத்தைக்கூடச் சுற்றாத தம்பி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைக்குள் இறங்கினால் அதற்கு வேறு என்ன அர்த்தம்?

"ஐயோ, நல்லா இருக்காருக்கா! நீ சாப்ட்டியான்னு கேட்டாராம்!"

ஓங்கி முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "இன்னும் எத்தினி பேர சாவடிக்கப் போறியோ" என்று மரத்தடியிலிருந்து அந்தப் பெண் திட்டினாள்.

வண்டியில் ஏறியதும் கேட்டேன். "அப்டி நெனச்சும் ஏன்க்கா முழுசா நடந்த? தாண்டி ஓடி வந்திருக்கலாமே. நடுவுல நின்னு இன்னாதான் வேண்டின?"

"போனப்புறம் இன்னாத்தடா வேண்டறது? இத்தினி வருஷம் எங்கூட வெச்சிருந்தியே, அதுவே போதும் தாயேன்னு சொல்லிட்டு வந்தேன். அத சொல்றதுக்கு நடுவு வரிக்கும் போவணும் இல்ல?"

இப்போது அக்காவும் மாமாவும் பிரான்சில், மகள் வீட்டில் இருக்கிறார்கள். வீடியோவில் பார்க்கிறேன், பனிக்குல்லாயும் சண்டையுமாக நன்றாகத்தான் இருக்கிறார்கள். அந்த ஆற்றங்கரைக்கு நான் தனியாகப் போய் வருவதுண்டு. எதையாவது கேட்டுவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நுழைகிறேன். எல்லாம் போய்விட்டது என்று நம்பிய நேரத்திலும் நன்றி சொல்வதற்காக நடுக்கல் வரை நடந்த என் அக்காவின் நினைப்பில், கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பி வருகிறேன்.