ஓரகத்திக்கு வந்த நோய்

என் கொழுந்தனாரின் மனைவிக்கு மனநோய் வந்தபோது எனக்கு வந்தது பொறாமை. இதை நல்ல விதமாகச் சொல்ல வழியில்லை, அதனால் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

அவள் விழுந்தது தேயிலைக் காட்டில், எல்லோர் கண்ணெதிரிலும். தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, யாரோ தன்னைக் கூப்பிடுவதாகக் கத்தினாள். காத்து கருப்பு என்றார்கள். பூசாரி வந்தார், எலுமிச்சம்பழம் நறுக்கினார், லைன் வீடுகள் மொத்தமும் எங்கள் வாசலில் நின்றது. அதற்கும் அடங்காததால், எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் சொல்லி ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டு மகாராணி.

மாமியார் முட்டையை அவித்து அவள் தட்டில் வைப்பார். மேஸ்திரி கேட்காமலே லீவு கொடுப்பார். அவள் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டுவிட்டு நான் கொழுந்துக் கூடையோடு ஓடுவேன். எனக்கும் ராத்திரியில் தூக்கமில்லை, நெஞ்சை என்னவோ அழுத்துகிறது என்று மாமியாரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கே" என்றார். டிஸ்பென்சரியில் சொன்னால் காய்ச்சல் பார்த்தார்கள். காய்ச்சல் இல்லை, ஆகவே லீவும் இல்லை. எனக்கும் தேயிலைச் செடிக்கு நடுவில் விழுந்து கத்தத் தோன்றியதுண்டு. நான் விழுந்தால் உலை வைப்பது யார்?

அடுத்த முறை ஊட்டிக்குத் துணைக்குப் போக கொழுந்தனாருக்கு லீவு கிடைக்கவில்லை. என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்கு, வாந்தி வருமாம். எனக்கும்தான் வரும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாயைப் பொத்திக்கொண்டு அவளை முறைத்தேன். ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கிறவர் எங்கள் பேச்சைக் கேட்டதும் சிலோன்காரங்களா என்றார். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தது மாமனார் காலம். நாங்கள் பிறந்ததே இங்கேதான். வேறு நாளாக இருந்தால் நன்றாகக் கேட்டுவிட்டிருப்பேன். அன்று என் கோபமெல்லாம் இவள் மேல் இருந்தது.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. இவங்க வீட்டில் எப்படி இருக்கிறாங்க, தூங்குறாங்களா என்று என்னிடம் கேட்டார். என்னிடம் யாரும் எதையும் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. எங்கே தூங்குவது, விடிவதற்கு முன்பே முழிப்பு வந்துவிடுகிறது என்றேன். சோறு இறங்குவதில்லை என்றேன். அடுப்படியில் நிற்கும்போது காரணமில்லாமல் அழுகை வரும், யாரும் பார்ப்பதற்குள் துடைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். சரிவில் கொழுந்து பறிக்கும்போது சில நாள் கீழே பார்க்கவே பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டே போனார்.

ஓரகத்தி என் கையைப் பிடித்தாள்.

"டாக்டர், நான் இப்ப நல்லாத் தூங்கறனுங்க. அக்கா அவங்களைச் சொல்றாங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அக்கா அழுகறது எனக்குக் கேக்கும். ஊட்ல சொல்லிப் பார்த்தனுங்க. பைத்தியம் பேசறதை யாரு காதுல வாங்கறாங்க?" என்றாள்.

அப்போதும் எனக்குப் பொறாமைதான். அத்தனை பேர் இருக்கிற வீட்டில் என்னைக் கவனித்தவளும் இவளாகவா இருக்க வேண்டும்? எனக்கும் ஒரு சீட்டுப் போட்டு வரச் சொன்னார் டாக்டரம்மா. நான் எழுந்தேன்.

"நீங்க உக்காருங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவளே போனாள்.