சுந்தரபாண்டியத்து மாப்பிள்ளை

எண்பதுகளின் கடைசியில் நான் மொழியியல் ஆராய்ச்சி மாணவி. என் பேராசிரியருக்கு நாவாட்டில் என்ற மெக்சிகோப் பழங்குடி மொழி என்றால் உயிர். மெக்சிகோவின் நடுப்பகுதியில் 'ட்ல்' என்று முடிகிற சொல், வளைகுடாப் பக்கம் 'ட்' என்றும் மேற்கே 'ல்' என்றும் முடியுமாம். அதை வைத்து வட்டார வழக்குகளைப் பிரித்துக் கரும்பலகையில் கோடு போடுவார். மெக்சிகோவை அவர் பார்த்ததில்லை. இராஜபாளையத்தையும்தான்.

அதே முறையில் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் வரை ஊர் ஊராகக் கோடு போடுவது என் ஆய்வு. இரண்டு வருடம் டவுன் பஸ்ஸில் அலைந்தேன். ஊருக்கு ஒருவரைக் கேள்வி கேட்டு, பதில்களை அட்டைகளில் எழுதினேன். பதில் சொல்பவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். சுந்தரபாண்டியத்தில் கோட்டை விட்டேன். டீக்கடையில் வாய் ஓயாமல் பதில் சொன்ன பெரியவர், தூத்துக்குடிப் பக்கமிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த அட்டைகளைக் கழித்துவிட நினைத்திருந்தேன்.

அதற்குள், "பாத்துட்டுத் தர்றேம்மா" என்று பேராசிரியர் கட்டோடு வாங்கிப் போனார். ஆறு மாதம் கழித்து, என் அட்டைகளை வைத்துப் போட்ட வரைபடம் அவர் பெயரில் அச்சில் வந்தது. நன்றி சொன்ன இடத்தில்கூட நான் இல்லை. அதில் சுந்தரபாண்டியத்தைச் சுற்றி மட்டும் தனி வட்டம், தனி வட்டார வழக்கு! ஒரே ஒரு மாப்பிள்ளைக்காக. வயிறு எரிந்தது, சிரிப்பும் வந்தது. வாயைத் திறக்காமல் காத்திருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கருத்தரங்குக்கு அவர் பேச வந்தார். பெரியவரை பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். நாவாட்டில் பேசும் ஒதுங்கிய மலைக்கிராமம் போலத்தான் சுந்தரபாண்டியமும் என்று பேராசிரியர் முழங்கினார். நான் எழுந்தேன்.

"சுந்தரபாண்டியத்துல யார்கிட்ட கேட்டீங்க, ஐயா?"

"நானே நேர்ல போய், அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்த ஒருத்தர்கிட்டதாம்மா."

பெரியவர் எழுந்துவிட்டார். "அந்த ஊர்ல கேள்வி கேட்டு அட்டையில எழுதுனது என்னைய மட்டுந்தான்யா. நான் பொறந்தது தூத்துக்குடிப் பக்கம்லா, சுந்தரபாண்டியத்துல பொண்ணு கெட்டி வந்தவன். ஒங்க மொகத்த இன்னைக்குத்தான பாக்கேன்?"

அரங்கம் சிரித்து அடங்க வெகு நேரமாயிற்று. வாசலில் பேராசிரியர் என்னை மறித்தார்.

"தப்புன்னு தெரிஞ்சேதான் விட்டியா?"

"ஆமா, ஐயா."

என் ஆய்வு அதோடு போயிற்று, பட்டமும் போயிற்று. வரைபடம் என்னுடையது என்று இப்போதாவது சொல்லச் சொல்லித் தோழிகள் நச்சரித்தார்கள். எதற்கு? அந்தத் தப்போடு அது அவர் பெயரிலேயே கிடக்கட்டும்.