உருகுவே எத்தனை முறை வென்றது?

இந்த ஊரில் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அக்குளில் ஒரு தெர்மாஸைச் செருகியிருக்கிறார்கள். உள்ளே வெந்நீர். கையில் சுரைக்குடுவை, அதில் மாத்தே என்கிற கசப்பு இலைத்தூள், உறிஞ்ச ஓர் உலோகக் குழல். தெர்மாஸை இடுக்கியபடியே சில்லறை எடுப்பார்கள், எதிரில் வருபவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமும் கொடுப்பார்கள். ஒரு சொட்டு சிந்தாது. மொந்தெவிதேயோ வந்த புதிதில் இதை வேடிக்கை பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்கு. மற்றபடி பஸ் எனக்குப் புதிதல்ல. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, பிறந்ததிலிருந்து பஸ்தான். இங்கேயும் ரயிலை நம்பி யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஊரும் சொந்தக்காரர்கள்.

உருகுவே என்ற பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்று இங்குள்ளவர்கள் ஆச்சரியப்படுவார்கள். குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்த யாருக்கும் தெரியும் என்று இவர்களிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதல் உலகக் கோப்பைக் கால்பந்து எங்கே நடந்தது? உருகுவே. ஆண்டு? 1930. வென்றது? உருகுவே. பெரம்பலூர் புதுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில், மின்விசிறி ஓடாத கோச்சிங் வகுப்பில் இதை மந்திரம் மாதிரி ஒப்பித்தோம். ஒரு முழு ஆட்டம்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் எல்லா உலகக் கோப்பையிலும் ஆடிய ஒரே நாடு பிரேசில் என்பதும், பதினோரு விநாடியில் துருக்கி கோல் போட்டதும், லண்டனில் திருடுபோன கோப்பையை ஒரு நாய் மோப்பம் பிடித்ததும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சர்க்கார் வேலை கிடைக்கவில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன், அவர்கள் என்னை இங்கே அனுப்பினார்கள். வினாத்தாளிலிருந்த நாட்டுக்கே குடிவந்த ஆள் எங்கள் தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வந்த இடத்தில் லூசியாவைச் சந்தித்தேன். பல் டாக்டர், என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவள். காதல் அங்கே ஆரம்பித்தது என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். கல்யாணம் என்றதும் வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடும் என் வீட்டில் ஒரு வாரம் புயல் அடித்தது. பிறகு அம்மா இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. முறையாகப் போய்ப் பெண் கேட்க வேண்டும். பெண்ணின் அப்பா தன் வாயால் சரி என்று சொல்வதை அம்மா காதால் கேட்க வேண்டும். கேட்காமல் சேர்ந்துகொண்டால் என் முகத்திலேயே முழிக்கப் போவதில்லை என்றார். அம்மா சொன்னால் சொன்னதுதான். பெரியப்பா மகன் விஷயத்தில் பார்த்திருக்கிறேன், இன்றுவரை பேச்சில்லை. லூசியாவுக்கு இது விளங்கவே இல்லை. இங்கே யாரும் அப்பாவைக் கேட்பதில்லை, உன் பல்லைப் பிடுங்கும்போதுகூட நான் அவரைக் கேட்கவில்லையே என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் அசாதோ, அதாவது விறகுக் கனலில் மாட்டு விலா வாட்டும் விருந்து. நான் வெற்றிலைக்கு எங்கே போவேன்? தட்டில் வாழைப்பழமும் ஆரஞ்சும் பூங்கொத்தும் அடுக்கிக்கொண்டு போய் நின்றேன். லூசியாவின் அப்பா ரூபென், இரும்புக்கடை வைத்திருப்பவர், தேசிய அணியின் வெளிர்நீலச் சட்டை போட்டு அடுப்படியில் நின்றார். உங்கள் பெண்ணைக் கேட்டு வந்திருக்கிறேன் என்று நான் சொன்னதும் மனிதருக்கு வெட்கமாகிவிட்டது. பழத்தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கறியைத் திருப்பிப் போட்டுவிட்டு உனக்குக் கால்பந்து தெரியுமா என்று பேச்சை மாற்றினார். தெரியுமாவா! கோச்சிங் மாடியில் படித்ததையெல்லாம் அள்ளிக் கொட்டினேன். 1930 இறுதியாட்டத்தில் யார் பந்தில் ஆடுவது என்று சண்டை வந்து, முதல் பாதி அர்ஜென்டினா பந்திலும் அடுத்த பாதி உருகுவே பந்திலும் ஆடியதைச் சொன்னபோது ரூபெனின் கண் கலங்கிவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த பையனுக்கு இது தெரிந்திருக்கிறதே என்று என் தோளைத் தட்டினார். காரியம் பழம் என்று நினைத்தேன்.

“சரி, நாங்கள் எத்தனை முறை உலக சாம்பியன்?” என்று கேட்டார்.

இரண்டு என்றேன். 1930, 1950.

ரூபென் இடுக்கியைக் கீழே வைத்தார். சட்டையின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அங்கே நாலு நட்சத்திரம். உலகக் கோப்பை பிறக்கும் முன்பே இருபத்து நாலிலும் இருபத்தெட்டிலும் நடந்தவைதாம் உலகப் போட்டிகள், அவற்றையும் நாங்கள்தான் வென்றோம் என்றார். அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் குரூப் ஃபோர் எழுதியவன் கை சும்மா இருக்காது. விடைக்குறிப்பு தவறென்றால் ஆதாரத்தோடு ஆட்சேபணை தெரிவிக்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். அவை ஒலிம்பிக், கணக்கில் வராது என்று போனை எடுத்து, பக்கம் பக்கமாகக் காட்டினேன். பெண் கேட்டுப் போன வீட்டில்! ரூபென் கறியை வெட்டித் தட்டுகளில் போட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை கத்தியும் முள்ளும்தான் பேசின. அம்மாவையும் இழந்து இவளையும் இழக்கப் போகிறேன் என்று உண்மையிலேயே பயந்தேன்.

சொல்லிவைத்தபடி அம்மாவின் வீடியோ கால் வந்தது. அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது. தங்கை கீர்த்தனா போனைப் பிடித்திருக்க, அம்மா பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைத் தமிழில் ஒப்பித்தேன். அம்மாவுக்குக் கால்பந்தும் தெரியாது, ஒலிம்பிக்கும் தெரியாது. தலையில் அடித்துக்கொண்டார்.

“பொண்ணு கேட்டுப் போன வூட்டுல உக்காந்து கணக்கு சரிபாத்துக்கிட்டு இருக்கியாடா? அவுங்க வூட்டுக் கப்பு எத்தனன்னு அவுங்களுக்குத் தெரியாதா, உனக்குத்தான் தெரியுமா? நாலுங்கறாருல்ல, நாலு.”

உன் அம்மா என்ன சொல்கிறார் என்று ரூபென் கேட்டார். மாற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அப்படியே ஸ்பானிஷில் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

“என் மகள் முடிவுக்கு நான் சம்மதம் சொல்வது இங்கே வழக்கமில்லை. ஆனால் கேட்பது இந்தம்மா. அதனால் சொல்கிறேன், சரி.”

நான் தமிழில் சொல்லும் முன்பே அம்மா அவர் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார்.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷமாகிறது. கல்யாணப் பரிசாக ரூபென் எனக்கும் ஒரு வெளிர்நீலச் சட்டை வாங்கிக் கொடுத்தார். போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது கீர்த்தனா கூப்பிட்டாள். இப்போது அவள் குரூப் ஃபோருக்குப் படிக்கிறாள், அதே மாடியில்.

“அண்ணே, உருகுவே எத்தன தடவ ஜெயிச்சுச்சு? புக்குல ரெண்டுன்னு இருக்கு, உன் கல்யாண ஆல்பத்துல மாமா சட்டையில நாலு நட்சத்திரம் இருக்கு. பரீட்சையில எத எழுதறது?”

அவள் வாழ்க்கை அந்த ஒரு மதிப்பெண்ணில்கூடத் தொங்கலாம். பக்கத்தில் ரூபென், தங்கை என்ன கேட்கிறாள் என்று புருவத்தை உயர்த்தினார். உருகுவே எத்தனை முறை என்று கேட்கிறாள் என்றேன். அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் போனில் குரலைத் தாழ்த்தி, “ரெண்டு” என்று சொல்லிக்கொண்டே, அவருக்கு நாலு விரலைக் காட்டினேன்.