யோசெப்பின் அரை மணித்தியாலம்

பதினாறு வயதில் முல்லைத்தீவுக் கடலில் இறங்கியவர் யோசெப். அவருக்கு இந்த இத்தாலிக்காரரின் பயணிகள் படகைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். கரையை விட்டு ஒரு கூப்பிடு தூரம்கூட விலகாமல் அரை மணி நேரம் ஊர்ந்து போகிற சாமான் அது. அதற்கு ஒரு கப்டன், அவருக்கு வெள்ளைத் தொப்பி, தொப்பியில் நங்கூரம் வேறு!

1999 சித்திரையில் அந்தச் சனிக்கிழமை அவருக்கு வேறு கதி இல்லை. பஸ்காரர் வேலைநிறுத்தம். அவர் கோப்பை கழுவும் ஹோட்டலில் டெலிபோனுக்கு முதலாளி பூட்டுப் போட்டிருந்தான். வெளிநாட்டுக்குக் கதைக்கிற கடை பக்கத்துப் பட்டினத்தில்தான் இருந்தது.

கதைத்தே ஆகவேண்டிய நாள். மனைவி நேசமலர் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில், தண்ணீரூற்றில் இருக்கிறாள். அங்கே டெலிபோன் என்பது பேச்சுக்கும் இல்லை. மகள் டிலுசாவை ஆஸ்பத்திரிக்குக் காட்ட அரசாங்கப் பக்கமான வவுனியாவுக்கு ஆமி பாஸ் கிடைத்திருந்தது. "பதினேழாம் திகதி மத்தியானம் ஒரு மணிக்குக் கடையில நிப்பம். பிள்ளையும் கதைப்பா" என்று கடை நம்பரோடு எழுதியிருந்தாள். அவர் இத்தாலிக்கு வெளிக்கிட்டபோது டிலுசா வயிற்றில். இப்போது நாலு வயது. படங்கள் வந்திருக்கின்றன; அவளுடைய குரலை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஊரில் ஒரு மணி என்றால் இங்கே ஒன்பதரை. எட்டேகால் படகில் ஏறினால் தாராளம் என்று போய் நின்றார். படகு நின்றது, ஆனால் வெளிக்கிடவில்லை. ஏனென்று கேட்டால், கடல் கொந்தளிப்பாம்!

"இது கொந்தளிப்போ? என்ர கடவுளே! வாடைக்காத்து அடிக்கேக்க எங்கட கடலைக் கண்டால் இவன் தொப்பியையும் விட்டிட்டு ஓடுவான்!" என்று தமிழிலேயே கத்தினார். டிக்கெட் கிழிப்பவன் சிரித்துக்கொண்டு "சுபித்தோ, சுபித்தோ" என்றான். இதோ உடனே என்று அதற்கு அர்த்தமாம். எட்டு இருபதுக்கும் சுபித்தோ, எட்டரைக்கும் சுபித்தோ. நாசமாய்ப் போன சுபித்தோ!

ஒருவழியாக வெளிக்கிட்ட பிறகும் ஆமை வேகம். நடுவில் ஒரு துறையில் ஒரு சீமாட்டி தன் நாயை ஏற்றப் பத்து நிமிடம். கயிறு கட்டுகிறவன் முடிச்சுப் போடத் தெரியாமல் தடவினான். யோசெப் அவனுடைய கையிலிருந்து கயிற்றைப் பறித்துத் தானே கட்டினார். கப்டன் மேலிருந்து ஏசினான். யோசெப்பும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்.

படகு பட்டினத்தைத் தொட்டதும் பலகை போடமுன் குதித்து டெலிபோன் கடைக்கு ஓடினார். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். இரண்டு முறை நம்பரைப் பிழையாக அழுத்தினார். மூன்றாம் முறை மணி அடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபத்தைந்து. அப்பாடா, ஐந்து நிமிடம் முந்திவிட்டார்!

"நேசமலர் அக்காவையோ?" என்றான் வவுனியாக் கடைக்காரன். "அவா போயிட்டா அண்ணை. ஒண்டேகால் பஸ்ஸை விட்டால் பாஸ் முடிஞ்சிடும். அழுதுகொண்டுதான் போனவா."

"என்ன விசர்க் கதை! இன்னும் ஒரு மணி ஆகேல்லையே!"

"அது பழைய நேரம் அண்ணை. வன்னிக்குள்ளதான் அது. இஞ்ச வவுனியாவில அரசாங்கத்தின்ர புது நேரம், அரை மணித்தியாலம் முன்னுக்கு. அக்கா இஞ்சத்தை நேரத்தைத்தான் உங்களுக்கு எழுதினதெண்டு சொன்னவா."

 கடிதம் தண்ணீரூற்றிலிருந்து வந்ததால் தண்ணீரூற்று நேரத்தையே யோசெப் கணக்கெடுத்திருந்தார். படகு நேரத்துக்கு வந்திருந்தாலும் ஒன்பதரை வரை இந்தக் கடை வாசலில்தான் குந்தியிருந்திருப்பார். திட்டுவதற்கு இப்போது கப்டனும் இல்லை.

"பிள்ளையும் வந்தவாவோ?"

"ஓம். சும்மா இருந்தால்தானே! ரிசீவரைத் தூக்கித் தூக்கி உங்களைக் கூப்பிட்டவா. நான்தான் பறிச்சு வைச்சனான்."

"என்னெண்டு கூப்பிட்டவா?"

"அப்பா எண்டுதான்."

"அதில்லைத் தம்பி. எப்பிடிக் கூப்பிட்டவா? ஒருக்கா அப்பிடியே கூப்பிட்டுக் காட்டுங்கோவன்."

கடையில் ஆட்கள் நின்றிருக்க வேண்டும். கடைக்காரன் தொண்டையைச் செருமினான். பிறகு சின்னப் பிள்ளையின் இழுவையோடு, "அப்போய்... கேக்குதோ?" என்றான்.

"கேக்குது பிள்ளை," என்றார் யோசெப்.